பரணில் கிடைத்த கட்டை: கதையா, கர்லாவா, கொட்டாப்புளியா?

பாம்பன் பாலத்தடி

எல்லாருக்கும் வணக்கம். பாம்பனில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டிருக்கிறோம். பரணில் கிழிந்த வலை, ஓலைப்பெட்டி, உடைந்த அரிக்கேன் விளக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மரக்கட்டை கிடைத்தது. நீளம் 72 செ.மீ. மேலே கைக்குள் அடங்கும் பிடி, பிடி முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ், கீழே போகப் போகப் பருத்து அடிப்பக்கம் தட்டையாக முடிகிறது. நிறுத்தி வைத்தால் ஆடாமல் நிற்கிறது. மீன் நிறுக்கும் தராசில் போட்டேன், 6 கிலோ 300 கிராம். கறுப்பாக இருக்கிறது. அடுப்புப் புகையா, எண்ணெயா என்று தெரியவில்லை.

தாத்தா வைத்திருந்ததாகத்தான் இருக்க வேண்டும். அவர் கடலுக்குப் போனவர், அவரும் இல்லை அப்பாவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் "இது அனுமார் கையில் இருக்கும் கதாயுதம், பூசை அறையில் வை" என்கிறார். ஓடு பிரிக்க வந்தவர் "தச்சர் கொட்டாப்புளிப்பா இது, உளி மேல் தட்டுகிற மரச்சுத்தி" என்கிறார். எட்டு வயது மகன் தூக்கப் பார்த்துக் காலில் போட்டுக்கொள்ள இருந்தான். கோயில் சாமான் என்றால் கோயிலிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் போட்டிருக்கிறேன்.

முதுகுளத்தூர் சிலம்பம்

தம்பி, யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கர்லாக்கட்டை அது. கரளாக்கட்டை என்றும் சொல்வார்கள். உடற்பயிற்சிச் சாமான். குமிழ் எதற்கு என்றால் சுற்றும்போது கை வியர்த்து வழுக்கினாலும் சுண்டுவிரல் பக்கம் தடுத்து நிறுத்தும். அந்தக் குமிழ் இல்லாத கர்லாவைச் சுற்றினால் கட்டை ஒரு பக்கம் பறக்கும், எதிரில் நிற்பவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்.

கதாயுதம் என்கிற கதை வேறு. கதைக்குக் காம்பு தனி, தலை தனி. வடக்கே காசியில் அகாடா என்னும் மல்யுத்தக் கூடங்களில் பயில்வான்கள் சுற்றுவது மூங்கில் காம்பில் உருண்டைக் கல்லைச் செருகியது, ஆள் மார்பு உயரத்துக்கு வரும், இரண்டு கையாலும் பிடிப்பார்கள். கர்லா ஒரே மரத்தில் கடைந்தது, ஒரு கைக்கு ஒன்று. ஆகவே உங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்க வேண்டும். தேடுங்கள்.

பாம்பன் பாலத்தடி

ரொம்ப நன்றிண்ணே. பரண் முழுக்கத் தேடிவிட்டேன். ஒன்றுதான் இருக்கிறது.

திருப்புல்லாணி ராசாத்தி

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். இந்தக் கடற்கரை முழுக்க அனுமார்தான். ராமேசுவரத்தில் கடை கடையாகப் பொன் நிறத்தில் பிளாஸ்டிக் கதை தொங்குகிறது, வடநாட்டு யாத்திரைக்காரர் குழந்தைகள் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் நம் பக்கத்துப் பழைய ஆஞ்சநேயர் சிலைகளைக் கவனித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கையில் கதையே இருக்காது. நாமக்கல்லில் 18 அடி உயரத்தில் நிற்பவர் கைகூப்பித்தான் நிற்கிறார். வியாசராயர் பிரதிஷ்டை என்று சொல்லும் வகையில் வலது கை மேலே தூக்கியிருக்கும், இடது கையில் ஒரு பூ, வால் நுனியில் மணி. ஒரு கையில் மலை, ஒரு கையில் கதை என்று நம் மனசில் பதிந்தது முக்கால்வாசி காலண்டர் படத்தால்.

வால்மீகியில் அவர் இலங்கைக்குப் போகும்போது கையில் ஒன்றும் இல்லை. அசோகவனத்தில் சண்டை வந்ததும் வாயிலில் கிடந்த இரும்புத் தடியை உருவி அடிக்கிறார். கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம் போன்றது அது. தமிழில் அதற்கு 'எழு' என்று பெயர். பழைய பாட்டுகளில் வீரனுடைய தோளை எழுவுக்கு ஒப்பிடுவார்கள். கோட்டை வாசலை அடைக்கும் கட்டையே சண்டை வந்தால் ஆயுதம். என்னைக் கேட்டால் கதை என்கிற ஆயுதமே இப்படித்தான் வீட்டிலிருந்தும் வாசலிலிருந்தும் புறப்பட்டிருக்கும். உலக்கையையும் பாருங்கள். பலராமன் கையில் கலப்பை, இன்னொன்றில் உலக்கை. கிருஷ்ணனுடைய குலம் அழிந்ததும் உலக்கையால்தான், அதற்காகவே பாரதத்தில் ஒரு பருவம் இருக்கிறது. நெல் குத்துகிற சாமான்!

கீழக்கரை பாய்

ராசாத்தி அக்கா சொன்னது சரி. நான் வேறு ஒன்று சொல்கிறேன். சார்ஜாவில் 11 வருஷம் வேலை பார்த்தேன், அறையில் கூட இருந்தவர் ஈரானியர். அவர் ஊரில் 'சூர்கானே' என்று பயிற்சிக்கூடம் இருக்கும், வலிமை வீடு என்று அர்த்தமாம். நடுவில் எண்கோணமாக ஒரு பள்ளம், அதில் இறங்கி எல்லாரும் வட்டமாக நின்று ஆளுக்கு இரண்டு மரக்கட்டை சுற்றுவார்கள். அதற்கு 'மீல்' என்று பெயர். மேலே ஓர் ஆள் உட்கார்ந்து கொட்டு அடித்துக்கொண்டே பாட்டுப் பாடுவார், ஹஸ்ரத் அலி பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அந்தக் கொட்டுக்குத் தகுந்தபடி கட்டை சுழலும். 2010 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பாம்பன் தம்பி போட்ட படத்தை அவருக்கு அனுப்பினேன். பார்த்ததும் பதில்: "இது மீல்தானே, உங்கள் ஊருக்கு எப்படி வந்தது?" நான் சொன்னேன், எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்று முதலில் சொல்லு. அதோடு சரி, ரெண்டு நாளாகப் பேச்சில்லை.

அவர்கள் பழங்காவியத்திலும் பயில்வான் ருஸ்தம் கையில் 'குர்ஸ்' இருக்கும், அதுவும் கதைதான். அரசன் ஃபரீதூனுடைய குர்ஸுக்கு மாட்டுத் தலை வடிவம்.

தொண்டிக்காரன்

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு இரும்புக் கதை வாங்கிவிடாதீர்கள். போன வருஷம் எங்கள் பக்கத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாளே நீளக் கம்பி முனையில் இரும்புக் குண்டு வைத்த ஒன்றைக் கொடுத்து, எடை 10 கிலோ, தலைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்று என்றார்கள். 10 கிலோதானே, வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டு மாடி ஏறுகிறவன் நான், இது என்ன பெரிசு என்று சுற்றினேன். முன்பக்கம் நன்றாகத்தான் போனது. முதுகுக்குப் பின்னால் போனதும் அது என்னை இழுத்தது, நான் அதை இழுக்கவில்லை. தோளில் 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று மாசம் சட்டை போட என் வீட்டுக்காரம்மா வந்து கை மாட்டிவிட்டாள். கூடத்துக்காரர் சொன்னது: "ஃபார்ம் சரியில்லை சார்." ஃபார்ம் சொல்லிக்கொடுக்கத்தானே காசு வாங்கினீர்கள்?

தேவிபட்டினம் வாத்தியார்

தொண்டிக்காரரே, அரிசி மூட்டைக் கணக்கு இதற்கு உதவாது. 36 வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

டம்பெல் என்பதில் எடை முழுக்க உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. மணிக்கட்டை அது திருப்புவதில்லை. கதையிலும் கர்லாவிலும் எடை கையை விட்டுத் தள்ளி, முனையில். பாம்பன் தம்பியின் கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 6.3 கிலோ, அதன் எடைமையம் பிடியிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கிடையாக நீட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பும் விசை 28 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். அதே 6.3 கிலோவை டம்பெல்லாகப் பிடித்தால் மணிக்கட்டில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சந்தையில் முன்பு துலாக்கோல் வைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? சின்னக் குண்டைத் தண்டில் தள்ளித் தள்ளி வைத்துப் பெரிய மீனை நிறுப்பார்கள். குண்டு மாறாது, தூரம்தான் மாறும். அதே கணக்கு. சுழற்றும்போது இன்னும் மோசம், தூரம் இரண்டு மடங்கானால் சுழற்றவும் நிறுத்தவும் வேண்டிய பாடு நாலு மடங்கு. தொண்டிக்காரருக்குச் சுழற்றுவதில் கஷ்டம் வரவில்லை, நிறுத்துவதில்தான் வந்தது.

ஆயுதமாக அது பயப்பட வைத்ததற்கும் காரணம் இதுவே. கவசத்தில் வாள் வழுக்கிப் போகும். குண்டு விழுந்தால் கவசம் உடையாமலே உள்ளே எலும்பு உடையும். ஆனால் ஓங்கியது தவறிவிட்டால் திருப்பிக் கொண்டுவர நேரம் பிடிக்கும், அதற்குள் எதிரி குத்திவிடுவான். ஆகவே நிஜப் போருக்குச் செய்த கதைகள் நாம் படத்தில் பார்க்கிற பூசணிக்காய் அளவில் இருந்ததில்லை. ஐரோப்பாவில் குதிரை வீரர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோதான். நம் தெற்கில் உடம்பு முழுக்க இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு இந்த வெயிலில் நின்றவன் எத்தனை பேர்? அதனால்தான் சேதுபதி சீமையில் ஈட்டி, வாள், எறிகிற வளைதடியான வளரி என்று வேகமான ஆயுதங்கள் பேர் வாங்கின என்பது என் கணிப்பு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் வளரியைப் பார்க்கலாம், சுவரில் தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த போர் ஓவியமாகவும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

தம்பி, ஒரு சந்தேகம். கட்டையின் பருத்த இடத்தில் சுற்றளவு என்ன?

பாம்பன் பாலத்தடி

நூல் போட்டுப் பார்த்தேன் சார், அடியில் 36 செ.மீ. மேலே வர வர ஒடுங்குகிறது.

கடலோர மட்டைப்பந்து

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கதை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது டெஸ்ட் கிரிக்கெட்டில் பரிசாகக் கொடுக்கிற கதைதான். 2016 இல் இந்தூரில் கவாஸ்கர் கையால் கோலி வாங்கினார். அப்போது அது தரவரிசையில் முதலிடத்துக்குக் கொடுத்தது. அப்புறம் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் என்று இறுதிப்போட்டி வைத்து, ஜெயித்தவனுக்கு என்று ஆக்கினார்கள். 2021 இல் நியூசிலாந்து, 2023 இல் ஆஸ்திரேலியா, இரண்டு முறையும் எதிரில் நின்றது நாம்தான். 2025 இல் தென்னாப்பிரிக்கா தூக்கியது. பீமன், அனுமார் எல்லாரையும் வைத்திருக்கிற நாட்டுக்கு அந்தக் கதை மட்டும் வர மாட்டேன் என்கிறது.

முதுகுளத்தூர் சிலம்பம்

மகாராஷ்டிராவில் மல்யுத்தம் ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கதை கொடுக்கிறார்கள், 'மகாராஷ்டிர கேசரி' பட்டத்துக்கு. அவனாவது கதை சுற்றி உடம்பு ஏற்றியவன். மட்டைப்பந்துக்காரனுக்கு எதற்குக் கதை?

கடலோர மட்டைப்பந்து

அண்ணே, கோப்பை வாங்குகிறவன் எல்லாம் அதில் காப்பி குடிக்கவா வாங்குகிறான்?

மதுரைக்கிளை குமாஸ்தா

இதற்குத்தான் காத்திருந்தேன். நான் திருவாடானைக்காரன், மதுரையில் வக்கீல் ஆபீசில் வேலை. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வரும்போது முன்னால் வெள்ளை உடை, தலைப்பாகையோடு ஒருவர் வெள்ளிக் கோல் ஏந்தி நடப்பார், சோப்தார் என்று பெயர். முதல் தடவை பார்த்த எங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருவர், வரப்புத் தகராறு வழக்கு, என் காதில் கேட்டார்: "அடிப்பாங்களா?" இல்லை ஐயா, அது மரியாதைக்கு என்றேன். "மரியாதைக்கு எதுக்குத் தடி?" என்றார். இன்று வரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அடிக்கிற சாமான் ஒரு கட்டத்தில் அடிக்காத சாமானாக மாறிவிடுகிறது, ஆனால் முன்னால் போவதை மட்டும் விடுவதில்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் மேசை மேல் கதை இருந்தால்தான் அவை நடக்கும். 2018 டிசம்பரில் ஓர் உறுப்பினர் கோபத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார், வாசலில் மறித்து வாங்கி வைத்தார்கள், அவரை அன்றைக்கு அவையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நம் திரிபுரா சட்டமன்றத்தில் 2016 டிசம்பரில் ஓர் உறுப்பினர் சபாநாயகர் முன்னால் இருந்த கதையை எடுத்துக்கொண்டு ஓடியே போனார். பின்னால் காவலர்கள் ஓட, எல்லாம் தொலைக்காட்சியில் வந்தது. எங்கள் ஊர் மஞ்சுவிரட்டு மாதிரி இருந்தது.

திருப்புல்லாணி ராசாத்தி

குமாஸ்தா தம்பி, அந்தக் கட்சிக்காரர் கேட்டதற்குப் பதில் கோயில் வாசலில் இருக்கிறது. துவாரபாலகரைப் பாருங்கள். கதையை ஓங்கிக்கொண்டா நிற்கிறார்? தலைகீழாகத் தரையில் ஊன்றி, அதன் மேல் கையையோ காலையோ போட்டுச் சாய்ந்து நிற்கிறார். மகேந்திரவர்மன் குடைந்த குகைகளிலேயே, ஏழாம் நூற்றாண்டு, இந்தச் சாய்ந்த நிலை வந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் பெரிசு, கதையில் பாம்பு சுற்றியிருக்கும். பெருமாளும் அப்படித்தான், பல இடங்களில் கீழ் இடது கையைக் கதை மேல் வைத்து ஓய்வாக நிற்பார். அடிக்கப் போகிறவனை விட, அடிக்க முடியும் என்று தெரிந்தும் சாய்ந்து நிற்கிறவனைத்தான் உள்ளே போகிறவன் பயந்து பார்ப்பான்.

பெருமாள் கையில் இருப்பதைத் தமிழில் தண்டு என்போம். சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஐந்தையும் பொன்னில் சின்னதாகச் செய்து குழந்தை கழுத்தில் கட்டுவார்கள், ஐம்படைத் தாலி. சங்கு நம் மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்தது. தண்டு மட்டும் பாம்பன் தம்பி வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது!

ஆரணிக் கூத்து

நான் உங்கள் பக்கம் இல்லை, வடக்கு. தற்செயலாகப் படித்தேன், ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் பத்துப் பதினைந்து ஆள் நீளத்துக்குத் தரையில் படுக்க வைத்திருப்போம். அதன் மேலேயே பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கதைப்போரில் தொப்புளுக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி, பீமன் தொடையில் அடிப்பான். பெண்கள் அழுவார்கள். எந்தப் பக்கத்துக்காக அழுகிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நான் மூன்று வருஷம் பீமன் கட்டினேன். என் கதை லேசான மரம், மேலே வண்ணத்தாள். ஆனால் அதைக் கனமான மாதிரித் தூக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வாத்தியார் சொன்ன கணக்கு எங்களுக்குத் தலைகீழ். லேசான கதையை ஓங்கும்போது உடம்பை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் காகிதம் என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொல்லிவிடும்.

தேவிபட்டினம் வாத்தியார்

ஆரணிக்காரர் சொன்னது ரொம்ப நல்ல பாடம். என் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கலாம், 36 வருஷம் வீணாகிவிட்டது.

இப்போது பாம்பன் தம்பிக்கு. அடியில் 36 செ.மீ. சுற்றளவு என்றால் குறுக்களவு 11.5 வரும். பிடியைக் கழித்து, ஒடுங்குவதையும் தள்ளுபடி செய்து கன அளவு போட்டுப் பார்த்தேன், தாராளமாக வைத்தாலும் 5 லிட்டரைச் சுற்றித்தான் வருகிறது. புளிய மரம் போல நல்ல வைரம் பாய்ந்த மரமாக இருந்தாலும் லிட்டருக்கு ஒரு கிலோ தேறுவது கஷ்டம். ஆக, இந்தக் கட்டை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் தராசு 6.3 காட்டுகிறது. ஒன்று, தராசு பொய் சொல்கிறது, அது மீன் வியாபாரியின் தராசு என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லையென்றால் கட்டைக்குள் மரம் இல்லாத ஏதோ இருக்கிறது. அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஒரு படம் போடுங்கள்.

பாம்பன் பாலத்தடி

சார், எனக்குக் கை நடுங்குகிறது. மண்ணெண்ணெய் போட்டு அடியைத் துடைத்தேன். நட்ட நடுவில் பழைய ஒரு ரூபாயை விடக் கொஞ்சம் பெரிசாக ஒரு வட்டம் தெரிகிறது, சாம்பல் நிறம். ஆணி நுனியால் கீறினேன், மெழுகு மாதிரிக் கீறல் விழுந்து உள்ளே பளபள என்று வெள்ளி. வெள்ளியா சார் அது?

முதுகுளத்தூர் சிலம்பம்

வெள்ளி இல்லை தம்பி, கனவு காணாதீர்கள். ஈயம். கட்டையைக் குடைந்து ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார் தாத்தா. ஆள் பலம் ஏறிவிட்டது, புதுக் கட்டை கடைய ஆசாரிக்குக் காசு கொடுக்க மனசில்லை, இருக்கிறதையே கனமாக்கியிருக்கிறார். வலைக்குக் கட்டும் ஈயம் வீட்டிலேயே கிடந்திருக்கும்.

தேவிபட்டினம் வாத்தியார்

கணக்கும் ஒத்துவருகிறது. ஈயம் லிட்டருக்கு 11 கிலோவுக்கு மேல். ஒன்றரை கிலோ ஈயத்துக்கு நான்கு செ.மீ. அகலத்தில் ஒரு சாணுக்குள்ளான குழி போதும். ஆனால் தம்பி, இனிமேல் கீறாதீர்கள். ஈயத் தூள் வாயில், மூக்கில் போகக் கூடாது, குழந்தை இருக்கிற வீடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கீறிய ஆணியைத் தூக்கிப் போடுங்கள், அடியில் வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசி மூடிவிடுங்கள்.

கீழக்கரை பாய்

ஈரானியரிடம் சொன்னேன். சமாதானம் ஆகிவிட்டார். "மீனவர் மீல்" என்று பெயரும் வைத்துவிட்டார்.

தொண்டிக்காரன்

முதுகுளத்தூர் அண்ணே, நான் கேட்கிறேன், இந்தத் தோளோடு கர்லா சுற்றலாமா? சுற்றலாம் என்றால் எப்படி?

முதுகுளத்தூர் சிலம்பம்

முதலில் வைத்தியரிடம் தோளைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அப்புறம், கைக்கு இரண்டு கிலோ போதும், அதற்கு மேல் ஆறு மாசத்துக்குக் கேட்காதீர்கள். கால் இரண்டும் தோள் அகலத்துக்கு. முழங்கால் லேசாகத் தளர்ந்து இருக்க வேண்டும், விறைத்தால் இடுப்பு வாங்கும். கட்டையை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடி. அங்கிருந்து எதிர்த்தோள் வழியாக முதுகுக்குப் பின்னால் விழ விடு. கவனி, விழ விடு, தள்ளாதே. முழங்கை மட்டும் வானம் பார்க்க வேண்டும், காதுக்குப் பக்கத்தில். பின்னால் அது கிணற்று வாளி மாதிரித் தானாக ஆடி அந்தப் பக்கம் வரும், வரும்போது தோளைத் தாண்டி முன்னால் எடு. முன்னால் வந்ததும் ஒரு நொடி நிறுத்து. நிறுத்த முடியவில்லை என்றால் கட்டை உனக்குக் கனம், கீழே இறங்கு. முதுகை வளைத்துக் கட்டையை எடுக்கிறவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன். ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் பத்து. பிடியை இறுக்கிப் பிடிக்காதே, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல.

வாத்தியார் சொன்ன அந்த 'நிறுத்துவது'தான் பயிற்சியே. வெள்ளைக்காரன் இங்கே பார்த்துவிட்டுப் போய் இதை லேசாக்கி ஒலிம்பிக் வரை கொண்டுபோனான். 1904 இலும் 1932 இலும் கட்டை சுற்றும் போட்டி இருந்தது. 32 இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் வேலையில்லாதவர், மெடலோடு சாலையில் நின்று வண்டிக்குக் கை காட்டித்தான் வீட்டுக்குப் போனாராம்.

தொண்டிக்காரன்

மெடல் வாங்கியும் ஓசிப் பயணமா? சரி அண்ணே, இரண்டு கிலோ.

பாம்பன் பாலத்தடி

ஜோடி கிடைத்துவிட்டது!

உச்சிப்புளியில் அத்தை வீட்டுக்கு நேற்றுப் போனேன். அப்பாவின் அக்கா, 81 வயது, கண்தான் மங்கல், ஞாபகம் அப்படியே இருக்கிறது. கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார். பிடியைத் தொட்டதும் "இது அய்யாவுடையது" என்றார். அப்புறம் கையைக் காட்டினார். சமையல்கட்டுப் பின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு கட்டை முட்டுக் கொடுத்து நிற்கிறது. எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது அதில் கால் இடித்திருக்கிறேன். அதே குமிழ், அதே உயரம். கல்யாணமாகிப் போகும்போது பாத்திரம் பண்டத்தோடு அதுவும் வண்டியில் ஏறிவிட்டதாம்.

அத்தை வீட்டிலும் ஒரு தராசு இருந்தது. வாத்தியார் சார், 4 கிலோ 900. அடியில் ஈயம் இல்லை, வெறும் மரம். புளிய மரமேதான், அத்தையே சொன்னார்.

தேவிபட்டினம் வாத்தியார்

4.9! தராசுக்காரரிடம் என் மன்னிப்பைத் தெரிவியுங்கள்.

முதுகுளத்தூர் சிலம்பம்

ஒன்று 6.3, ஒன்று 4.9 என்றால் சுற்ற முடியாதே தம்பி, உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தானே ஊற்றியிருப்பார்? அத்தையிடம் கேளுங்கள்.

பாம்பன் பாலத்தடி

போனில் கேட்டேன் அண்ணே. அத்தை சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. ஒரு கட்டைக்கு ஈயம் ஊற்றி முடித்து, இரண்டாவதைக் குடைய உளியை எடுத்தபோது அப்பத்தா கொல்லையிலிருந்து வந்து பார்த்திருக்கிறார். வலைக்கு வாங்கிய ஈயத்தில் பாதி அடுப்பில் உருகிக்கொண்டு இருக்கிறது. "மீன் பிடிக்கிற ஈயத்தை உருக்கி நீ கட்டையாட்டம் ஆடு, பிள்ளைகள் கட்டையைத் தின்னட்டும்" என்று மிச்ச ஈயத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். அதோடு இரண்டாவது கட்டை அப்படியே நின்றுபோனது.

சாகிற வரை தாத்தா ஒற்றைக் கனத்தோடுதான் சுற்றியிருக்கிறார், பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் கை மாற்றிக்கொள்வாராம். எனக்கு இரண்டு கிலோவில் ஒரு ஜோடி கடைய ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை கதவுக்கு வேறு முட்டு கேட்டார். ஒரு செங்கல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கட்டையைத் தூக்கிவந்தேன், காற்று அடிக்கும்போது செங்கல் நகர்கிறது என்று இன்று காலையே போன்.